நம்பகமான புரோகிராமை ஆன்டிவைரஸ் தடுத்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய புரோகிராமை இன்று காலை ஆன்டிவைரஸ் பிடித்துக்கொண்டால், பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஆன்டிவைரஸையே அணைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். இல்லாவிட்டால் பயந்துபோய் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் எச்சரிக்கையை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும். "இதை எனக்குத் தெரியாது" என்று சொல்லும் எச்சரிக்கை வேறு, "இதைப் பிறர் தவறாகப் பயன்படுத்தலாம்" என்பது வேறு, "இது வைரஸ்தான்" என்பது வேறு. மூன்றுக்கும் வரும் பெட்டி ஏறக்குறைய ஒரே மாதிரி மிரட்டுவதுதான் சிக்கல்.

கீழே வரும் மெனுப் பெயர்கள் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உடன்வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டருக்கு உரியவை. வேறு ஆன்டிவைரஸ் என்றால் மெனு மாறும். காரணங்களும் சோதிக்கும் வரிசையும் மாறாது.

முதலில், பேசுவது யார்?

திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே புதுப்பியுங்கள்" என்று வருவது பல நேரம் ஆன்டிவைரஸே அல்ல. எப்போதோ ஒரு தளத்தில் 'அலோ' அழுத்தியதால் வரும் பிரவுசர் அறிவிப்பு. அடையாளம் காண்பது சுலபம்: பெட்டியில் குரோம் அல்லது எட்ஜ் சின்னமும் ஏதோ ஒரு தள முகவரியும் சின்னதாக இருக்கும். பிரவுசரின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' வரை போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மோசடி. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது.

உண்மையான எச்சரிக்கைதான் என்றால், கணினியில் எந்த ஆன்டிவைரஸ் வேலை செய்கிறது என்று பாருங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, கீழே 'செட்டிங்ஸ்', அதில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்'. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற ஒன்றைக் கடைக்காரர் போட்டுக்கொடுத்திருந்தால், டிஃபெண்டர் தானாக ஒதுங்கியிருக்கும். அப்போது டிஃபெண்டரில் எத்தனை விலக்கு (இதைச் சோதிக்காதே என்ற அனுமதி) கொடுத்தாலும் பயனில்லை. "எல்லாம் செய்து பார்த்தேன், மறுபடி மறுபடி பிடிக்கிறது" என்று வரும் புகார்களில் கணிசமானவை இப்படித் தவறான கதவைத் தட்டியவை.

எச்சரிக்கைப் பெட்டியை மூடும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அது சொல்லும் பெயர், கோப்பின் முழுப் பாதை, நேரம். பெட்டி மறைந்துவிட்டாலும் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பக்கத்தில் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் இருக்கும். பாதை முக்கியம். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்க வேண்டிய புரோகிராமின் பெயரில் 'டெம்ப்' ஃபோல்டரிலோ 'ஆப்டேட்டா'விலோ ஒரு கோப்பு பிடிபட்டால், அது உங்கள் புரோகிராம்தான் என்று இப்போதே முடிவு கட்டக் கூடாது.

அறிகுறி 1: "விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி" என்ற நீலப் பெட்டி

இது வைரஸ் கண்டுபிடிப்பே அல்ல. விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் வசதி "இந்தக் கோப்பைப் போதுமான பேர் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை" என்கிறது, அவ்வளவுதான். அது இரண்டை எடைபோடுகிறது: அந்தக் கோப்புக்குச் சேர்ந்த நற்பெயர், அதில் கையொப்பமிட்ட சான்றிதழுக்குச் சேர்ந்த நற்பெயர் (கையொப்பம் என்பது வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை). கையொப்பமில்லாத திறந்தமூல மென்பொருளில் ஒவ்வொரு புதிய பதிப்பும் புதிய கோப்பு, ஆகவே ஒவ்வொரு முறையும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பதிப்பு வெளியான அன்றே இறக்கினால் பெட்டி வருவதும், இரண்டு வாரம் கழித்து அதே கோப்புக்கு வராமல் போவதும் இதனால்தான்.

கையொப்பம் இல்லை என்பதற்காக மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அந்தச் சான்றிதழுக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர் வரை ஆகும். 2023 ஜூன் முதல் அதன் ரகசியச் சாவியை வன்பொருள் டோக்கன் போன்ற ஒன்றில்தான் வைக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. தனியாளாக ஓய்வுநேரத்தில் மென்பொருள் எழுதுபவருக்கு இது பெரிய சுமை.

கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுத்தது உறுதி என்றால், 'மோர் இன்ஃபோ' அழுத்துங்கள். வெளியீட்டாளர் பெயர் தெரியும். கையொப்பமில்லை என்றால் 'அன்னோன் பப்ளிஷர்' என்றிருக்கும். பிறகு 'ரன் எனிவே'. தேடல் முடிவில் மேலே வந்த விளம்பரத்தை அழுத்தி இறக்கிய கோப்பென்றால், தயவுசெய்து அழித்துவிட்டு முகவரியை நேரடியாகத் தட்டித் திரும்ப இறக்குங்கள். பிரபல மென்பொருள்களின் பெயரில் போலித் தளம் கட்டி விளம்பரம் கொடுப்பது இன்று வைரஸ் பரப்புவோரின் வழக்கமான வழி.

ஜிப் கோப்பாக இறக்கி விரித்த புரோகிராமில் ஒவ்வொரு கோப்புக்கும் தடை வந்தால் காரணம் வேறு. இணையத்திலிருந்து வந்த கோப்போடு பிரவுசர் ஓர் அடையாளத்தை ஒட்டுகிறது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஜிப்பை விரித்தால் அந்த அடையாளம் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் போகிறது. அதனால் சில புரோகிராம்கள் டிஎல்எல் (புரோகிராமின் துணைக் கோப்பு) ஏற்ற மறுக்கும், பழைய பாணி உதவிக் கோப்பு வெறும் வெள்ளைப் பக்கமாகத் திறக்கும். விரித்த பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்யாதீர்கள். விரித்ததை அழியுங்கள், ஜிப் கோப்பின் மேல் ரைட் கிளிக், 'புராப்பர்ட்டீஸ்', 'ஜெனரல்' பகுதியின் அடியில் 'அன்பிளாக்' கட்டத்தில் டிக் செய்து 'ஓகே'. பிறகு விரியுங்கள். ஒரே டிக்கில் முடியும்.

இந்த அடையாளம் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான வட்டு அமைப்பு) வகை வட்டில்தான் தங்கும். சாதாரணப் பென்டிரைவ் வழியாகப் போனால் உதிர்ந்துவிடும். "பக்கத்து சிஸ்டத்தில் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன், ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, ஆகவே கோப்பு நல்லது" என்ற வாதம் இதனாலேயே செல்லாது.

விண்டோஸ் 11-இல் 'ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்' தடுத்தால் 'ரன் எனிவே' பொத்தானே இருக்காது. அது புதிதாக விண்டோஸ் போட்ட கணினிகளில் வரும் வசதி. ஒரு புரோகிராமுக்கு மட்டும் விதிவிலக்கு தர வழியில்லை. கையொப்பமிட்ட பதிப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதே மென்பொருள் இருந்தால் அங்கிருந்து எடுங்கள். முழுதாக அணைப்பதைக் கடைசிக்கு வையுங்கள். அணைத்ததைத் திரும்ப இயக்க விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லும் பதிப்புகள் உண்டு.

அறிகுறி 2: வைரஸ் பெயர் சொல்லிக் கோப்பைத் தூக்கிவிட்டது

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பெயரைப் பிரித்து வாசிக்கக் கற்றுக்கொண்டால் பதற்றம் பாதியாகும்.

டிஃபெண்டர் தரும் பெயரில் முதலில் வகை, பிறகு இயங்குதளம், பிறகு குடும்பம், கடைசியில் ஒரு வால். "ட்ரோஜன்:வின்32/வாகாடாக்.பி!எம்எல்" என்பது அடிக்கடி காணும் பெயர். கடைசியிலுள்ள '!எம்எல்' என்ற வாலைப் பாருங்கள்: இயந்திரக் கற்றல் மாதிரி ஊகித்துச் சொன்னது என்று பொருள். யாரோ ஒரு ஆய்வாளர் உங்கள் கோப்பைப் பிரித்துப் பார்த்து வைரஸ் என்று எழுதிவைத்ததல்ல. 'பிஹேவியர்:' என்று தொடங்கினால், கோப்பின் உள்ளடக்கத்தை விட்டு அது ஓடும்போது செய்த ஏதோ ஒரு செயலைப் பிடித்திருக்கிறது. 'பியூஏ:' என்றால் வேண்டாத புரோகிராம்: விளம்பரம் காட்டுவது, கூடவே வேறொன்றை இன்ஸ்டால் செய்வது போன்றவை. 'ஹேக்டூல்:' என்றால் கருவி. நல்லவர் கையில் பழுதுபார்க்க, கெட்டவர் கையில் திருட.

மற்ற நிறுவனங்களுக்கும் இப்படிச் சொந்தப் பரிபாஷை உண்டு. நார்ட்டனின் 'டபிள்யூஎஸ்.ரெப்யூட்டேஷன்.1', அவாஸ்ட்டின் 'ஃபைல்ரெப்மால்வேர்', 'ஐடிபி.ஜெனரிக்', பிட்டிஃபெண்டரின் 'ஜென்:வேரியன்ட்' எல்லாம் ஊக வகை. காஸ்பர்ஸ்கி 'நாட்-எ-வைரஸ்' என்றே முன்னொட்டுப் போடும். குறிப்பிட்ட ஒரு குடும்பப் பெயர் வந்து, பல நிறுவனங்களும் அதே பெயரைச் சொன்னால் அது ஊகமல்ல.

நல்ல புரோகிராம் ஏன் மாட்டுகிறது? நான்கைந்து காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

பைத்தான் நிரலை ஒற்றைக் கோப்பாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர், ஆட்டோஹாட்கீ, ஆட்டோஇட் போன்றவற்றில் செய்த கோப்புகளின் முன்பகுதி எல்லாருக்கும் பொது. வைரஸ் எழுதுபவரும் அதே கருவியைப் பயன்படுத்துவதால், ஆன்டிவைரஸ் அந்தப் பொது முன்பகுதியையே கெட்டதாகக் கற்றுக்கொண்டுவிடுகிறது. ஒற்றைக் கோப்பு வடிவம் ஓடும்போது தன்னை 'டெம்ப்' ஃபோல்டரில் விரித்துக்கொள்வதும் சந்தேகத்தைக் கூட்டும். இப்படிப்பட்ட புரோகிராமின் தளத்தில் ஃபோல்டராகவோ நிறுவியாகவோ மாற்று வடிவம் இருந்தால் அதை எடுங்கள். பல நேரம் எச்சரிக்கை அத்தோடு போய்விடும். யூபிஎக்ஸ் என்ற கருவி கொண்டு சுருக்கிய கோப்புகளுக்கும் இதே கதி.

விசைப்பலகையை இடைமறிப்பவை இன்னொரு வகை. என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எந்த விண்டோவில் நீங்கள் தட்டினாலும் அந்த விசையைப் பிடித்துத் தமிழ் எழுத்தாக மாற்றித் தர வேண்டும். கடவுச்சொல் திருடும் கீலாகரும் விசையைப் பிடிக்க அதே விண்டோஸ் வசதியைத்தான் நாடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒரே வேலைதான். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள், மறந்த கடவுச்சொல்லை மீட்கும் நிர்சாஃப்ட் கருவிகள் ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

சில நேரம் தவறு முழுக்க ஆன்டிவைரஸ் பக்கம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபீயின் ஒரு வரையறைக் கோப்பு (வைரஸ்களை அடையாளம் காண உதவும் பட்டியல்), விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத 'எஸ்விசிஹோஸ்ட்' கோப்பையே வைரஸ் என்று தூக்கி, உலகெங்கும் கணினிகளை முடக்கியது. 2022 செப்டம்பரில் டிஃபெண்டர் குரோம், எட்ஜ், டிஸ்கார்ட் முதலியவற்றைத் திறக்கும்போதெல்லாம் 'பிஹேவியர்:வின்32/ஹைவ்.இசட்ஒய்' என்று கத்தியது. மைக்ரோசாஃப்ட் வரையறையைத் திருத்தியதும் ஓய்ந்தது.

கிராக் போட்ட மென்பொருளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணையுங்கள்" என்று சொல்லும் கோப்பைப் பற்றிய எச்சரிக்கை தவறா சரியா என்று வெளியாள் யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதைக் கட்டியவர் முகமே தெரியாதபோது நம்பகம் என்ற பேச்சு எங்கிருந்து வரும்?

சோதிக்கும் வரிசை இது:

1. வரையறையைப் புதுப்பியுங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பக்கத்தில் 'புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்', 'செக் ஃபார் அப்டேட்ஸ்'. பிறகு அந்தக் கோப்பை மட்டும் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய்யுங்கள். ஹைவ்.இசட்ஒய் போன்ற குளறுபடிகள் இந்த ஒரு படியிலேயே தீரும்.

2. கையொப்பத்தைப் பாருங்கள். கோப்பின் 'புராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதி, பெயரைத் தேர்ந்து 'டீட்டெய்ல்ஸ்'. "திஸ் டிஜிட்டல் சிக்னேச்சர் இஸ் ஓகே" என்று இருக்க வேண்டும்; பெயர் நீங்கள் எதிர்பார்க்கும் நிறுவனமாக இருக்க வேண்டும். சான்றிதழின் காலம் முடிந்திருந்தாலும், கையொப்பமிட்ட நேரம் முத்திரையோடு பதிவாகியிருந்தால் கையொப்பம் செல்லும். எப்போதும் கையொப்பத்தோடு வரும் மென்பொருளில் இன்று அந்தப் பகுதியே காணோம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

3. ஹேஷை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து வரும் கைரேகை போன்ற எண்ணை, கணக்கிடுங்கள். 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக், 'சிஆர்சி எஸ்எச்ஏ', 'எஸ்எச்ஏ-256'. விண்டோஸ் 11-இல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்த வேண்டியிருக்கும். வரும் 64 எழுத்து எண் வரிசையை மென்பொருளின் தளத்தில் தந்திருப்பதோடு ஒப்பிடுங்கள்.

4. அதே ஹேஷை, பல ஆன்டிவைரஸ் இன்ஜின்கள் ஒரு கோப்பைப் பற்றிச் சொல்வதைத் தொகுத்துக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் இடுங்கள். கோப்பையே ஏற்றுவதைவிட இது மேல்: உடனே விடை வரும், உங்கள் கோப்பும் வெளியே போகாது. அங்கே ஏற்றும் கோப்புகளை அதன் சந்தாதார ஆய்வாளர்கள் இறக்கிக்கொள்ள முடியும். அலுவலக ஆவணங்களை அங்கே ஏற்றவே கூடாது.

வைரஸ்டோட்டல் முடிவை எண்ணிக்கையாக மட்டும் படிக்காதீர்கள். எழுபது இன்ஜின்களில் இரண்டு மூன்று சிவப்பு, அவையும் 'ஜெனரிக்', 'சஸ்பிஷியஸ்', 'ஏஐ', 'ஸ்கோர்' என்ற மழுப்பல் பெயர்கள், பெரிய நிறுவனங்கள் அனைத்தும் பச்சை என்றால் அநேகமாகத் தவறான எச்சரிக்கை. பத்துக்கு மேல் சிவப்பு, அதில் நான்கைந்து ஒரே குடும்பப் பெயர் என்றால் வாதாட ஒன்றுமில்லை. கோப்பு முதன்முதலில் எப்போது அங்கே வந்தது என்ற தேதியையும் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் மென்பொருளின் பழைய பதிப்பு என்று நம்பிய கோப்பின் ஹேஷைத் தேடினால், பொருத்தமே இல்லை என்று வருகிறது. சிவப்பு ஒன்றுகூட இல்லையே என்று நிம்மதி அடையத் தோன்றும். அடைய வேண்டாம். எல்லாரும் இறக்கிய கோப்பு உங்களிடம் இருந்தால் அது அங்கே ஏற்கெனவே இருந்திருக்கும். இல்லை என்பதே உங்களிடம் இருப்பது வேறு கோப்பு என்பதற்கு அடையாளம்.

அறிகுறி 3: புரோகிராம் சரி, அதன் டிரைவரைத்தான் பிடிக்கிறது

2025 மார்ச்சில் ஃபேன்கன்ட்ரோல், லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர், ஓபன்ஆர்ஜிபி போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்குத் திடீரென்று 'ஹேக்டூல்:வின்32/வின்ரிங்0' என்ற எச்சரிக்கை வந்தது. விசிறி வேகத்தையும் வெப்பத்தையும் படிக்க வன்பொருளை நேரடியாகத் தொட வேண்டும். அதற்காக இவை 'வின்ரிங்0' என்ற பழைய டிரைவரைக் கூட வைத்திருந்தன. புரோகிராம்கள் நல்லவைதான், ஆனால் எச்சரிக்கையும் பொய்யல்ல. அந்த டிரைவரில் 2020-லேயே பதிவான ஓட்டை உண்டு; அதன் வழியாகச் சாதாரண உரிமையுள்ள எந்த நிரலும் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி) வரை ஏறிவிட முடியும்.

ஆகவே இந்த வகைக்கு விலக்கு கொடுப்பது தீர்வல்ல. புரோகிராமின் புதிய பதிப்பைப் போடுங்கள்; இவற்றில் சில 'பான்ஐஓ' என்ற மாற்று டிரைவருக்கு மாறிவிட்டன. புதிய பதிப்பு போட்ட பிறகும் எச்சரிக்கை வந்தால் பழைய டிரைவர் கோப்பு எங்கோ கிடக்கிறது. புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் அதன் பாதையைப் பார்த்து, அது எந்த மென்பொருளின் ஃபோல்டர் என்று கண்டுபிடியுங்கள். ஆர்ஜிபி விளக்கு, மதர்போர்டு பயன்பாடு என்று ஒன்றுக்கு மேற்பட்டவை அதே டிரைவரை வைத்திருக்கலாம்.

"எ டிரைவர் கேனாட் லோட் ஆன் திஸ் டிவைஸ்" என்ற செய்தி இதன் உறவு. 'டிவைஸ் செக்யூரிட்டி'யில் 'கோர் ஐசொலேஷன்' கீழே 'மெமரி இன்டெக்ரிட்டி' இயங்குவதால் பழைய டிரைவர் ஏறவில்லை. அதை அணைத்தால் வேலை நடக்கும்தான். ஒரு பழைய பிரிண்டர் கருவிக்காகக் கெர்னல் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது நட்டமான பேரம்.

அறிகுறி 4: எச்சரிக்கை எதுவும் தெரியவில்லை, புரோகிராம் மட்டும் திறக்கவில்லை

டெஸ்க்டாப் ஷார்ட்கட்டை அழுத்தினால் "கோப்பு நகர்த்தப்பட்டது அல்லது மாற்றப்பட்டது" என்கிறது. அல்லது ஏதோ டிஎல்எல் இல்லை என்கிறது. அல்லது 225, 0x800700இ1 என்ற பிழை எண் வருகிறது. இந்த எண்களில் ஒன்று வந்தால் சந்தேகமே வேண்டாம்: கோப்பில் வைரஸ் இருப்பதாகச் சொல்லித் திறக்க மறுக்கிறது என்பதே அதன் பொருள்.

மூன்றுக்கும் முதலில் போக வேண்டிய இடம் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி. கோப்பு குவாரன்டைனில் (ஆன்டிவைரஸ் ஒதுக்கிவைக்கும் இடத்தில்) இருந்தால், அறிகுறி 2-இல் சொன்ன சோதனைகளை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கிய புதிய பிரதியின் மேல் செய்யுங்கள். தேறினால் பழையதை மீட்பதைவிடப் புரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்வது பெரும்பாலும் சுத்தமான வழி. ஒரு டிஎல்எல் மட்டும் திரும்பி வந்து, கூடவே அழிந்த பதிவுகள் வராமல் போகும் அரைகுறை நிலை இதில் நேராது. மீட்டே ஆக வேண்டும் என்றால், பதிவை விரித்து 'ஆக்‌ஷன்ஸ்', 'ரீஸ்டோர்'. விலக்கு எதுவும் கொடுக்காமல் மீட்டால் அடுத்த ஸ்கேனிலேயே மறுபடி போய்விடலாம்.

அங்கேயே 'அலோ' என்றொரு வாய்ப்பும் இருக்கும். அதை அழுத்தினால் 'அலோடு த்ரெட்ஸ்' பட்டியலில் அச்சுறுத்தலின் பெயரில் ஒரு பதிவு சேரும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 'வாகாடாக்' என்று மட்டும் இருக்கும். எந்த புரோகிராமுக்காக அனுமதித்தோம் என்பது நினைவிலிருக்காது. கோப்பின் பாதையைச் சொல்லிக் கொடுக்கும் விலக்கில் இந்தக் குழப்பம் இல்லை.

அறிகுறி 5: புரோகிராம் திறக்கிறது, சேமிக்க மட்டும் முடியவில்லை

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சேமித்தால் "கோப்பு இல்லை", "அனுமதி இல்லை" என்கிறது; டி டிரைவில் சேமித்தால் சேமிக்கிறது. இது 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' வேலை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரிடமிருந்து டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களைக் காக்க 2017-இல் விண்டோஸ் 10-இல் வந்தது. இயல்பாக அணைந்திருக்கும், யாரோ இயக்கியிருக்கிறார்கள். கோப்பு இருந்தும் இல்லை என்று புரோகிராம் உளறுவது அதன் குற்றமல்ல, எழுத விடாமல் தடுப்பது விண்டோஸ் என்பது அதற்குத் தெரியாது.

'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', 'மேனேஜ் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்', 'அலோ அன் ஆப் த்ரூ கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்', பிளஸ் பொத்தானில் 'ரீசன்ட்லி பிளாக்டு ஆப்ஸ்'. தடுக்கப்பட்டது அங்கேயே பட்டியலில் இருக்கும்; சேர்த்துவிட்டுப் புரோகிராமை மூடித் திறக்க வேண்டும். பட்டியலில் இருப்பது 'பைத்தான்' அல்லது 'பவர்ஷெல்' என்றால் சேர்க்காதீர்கள். அதன் வழியாக ஓடும் எந்த நிரலும் அந்த அனுமதியோடு உங்கள் ஆவணங்களைத் தொடும். அப்படிப்பட்ட நிரலின் வெளியீட்டை வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.

அறிகுறி 6: ஃபயர்வால் கேட்டது, 'கேன்சல்' அழுத்தினேன், அதிலிருந்து நெட்வொர்க்கில் வேலை செய்யவில்லை

கடைகளிலும் அலுவலகங்களிலும் டேலி போன்ற பலர் பகிரும் மென்பொருளில் இது அன்றாடம். ஒரு கணினியில் டேலியின் உரிமச் சேவை 9999 போர்ட்டில் காத்திருக்கும். மற்றக் கணினிகள் அதனிடம் உரிமம் கேட்கும். ஃபயர்வால் பெட்டியில் 'கேன்சல்' அழுத்தினால் "இப்போதைக்கு வேண்டாம்" என்று பொருளல்ல. அந்தப் புரோகிராமுக்கு உள்வரும் தொடர்பைத் தடுக்கும் விதியை விண்டோஸ் எழுதிவைத்துவிடுகிறது. பிறகு நீங்கள் போர்ட்டைத் திறந்து அனுமதி விதி போட்டாலும், தடை விதி அதை மிஞ்சும்.

தேடல் பெட்டியில் 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' திறந்து 'இன்பவுண்ட் ரூல்ஸ்' போங்கள். புரோகிராமின் பெயரில் சிவப்புத் தடைச் சின்னத்தோடு, டிசிபிக்கு ஒன்றும் யுடிபிக்கு ஒன்றுமாகப் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். இரண்டையும் நீக்குங்கள். புரோகிராமை மறுபடி திறந்தால் பெட்டி திரும்ப வரும். 'பிரைவேட்' மட்டும் டிக் செய்து அனுமதியுங்கள்.

அதன் பிறகும் மற்றக் கணினிகள் எட்டவில்லை என்றால் நெட்வொர்க் வகையைப் பாருங்கள். வைஃபை அல்லது ஈதர்நெட் 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் 'பிரைவேட்' அனுமதி செல்லாது. அலுவலக நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்க வேண்டும். அனுமதியைப் 'பப்ளிக்'குக்கு விரிக்கக் கூடாது, மடிக்கணினியாக இருந்தால் அது ரயில் நிலைய வைஃபையிலும் திறந்தே கிடக்கும்.

அறிகுறி 7: பிரவுசர் சரி, மற்ற மென்பொருளில் மட்டும் சான்றிதழ் பிழை

நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட், பைத்தானின் பழைய பிப், மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்ட் முதலியவை "செல்ஃப் சைன்டு சர்ட்டிஃபிகேட்" என்று புலம்பினால், ஆன்டிவைரஸின் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கைச் சந்தேகியுங்கள். அது நடுவில் புகுந்து மறைகுறியாக்கத்தைப் பிரித்துப் படிக்கத் தன் சொந்தச் சான்றிதழைக் கொடுக்கிறது. விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுவதால் குரோம் நம்பும். சொந்தப் பட்டியல் வைத்திருக்கும் மென்பொருள் நம்பாது. ஆன்டிவைரஸின் வெப் ஷீல்டு பகுதியில் அந்த ஒரு வசதியை மட்டும் அணைத்துப் பாருங்கள். மென்பொருளில் சான்றிதழ்ச் சரிபார்ப்பை நிறுத்தும் வழி இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கும். அதைச் செய்தால் நாளைக்கு உண்மையான இடைமறிப்பும் ஓசையின்றி நுழையும்.

விலக்கு கொடுப்பதானால்

எல்லாச் சோதனையும் தேறிய பிறகுதான் இங்கே வர வேண்டும். 'மேனேஜ் செட்டிங்ஸ்', அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்', 'ஆட் ஆர் ரிமூவ் எக்ஸ்க்ளூஷன்ஸ்'. நான்கு வகை வரும்: ஃபைல், ஃபோல்டர், ஃபைல் டைப், பிராசஸ்.

'பிராசஸ்' வகையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது அந்தப் புரோகிராம் திறக்கும் கோப்புகளை ஸ்கேன் செய்யாமல் விடும். புரோகிராமின் கோப்பை விடாது. ஆகவே பிடிபடுவது புரோகிராமே என்றால் 'பிராசஸ்' விலக்கு உதவாது, 'ஃபைல்' வேண்டும். பெரிய தரவுக் கோப்புகளைத் திறக்கும்போது டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' எகிறிப் புரோகிராம் தவழ்கிறது என்றால், அங்கே 'பிராசஸ்' சரியான மருந்து.

ஃபோல்டர் விலக்கு தவிர்க்க முடியாதபோது 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே இருக்கும் ஃபோல்டராக இருக்கட்டும்; அங்கே எழுத நிர்வாகி உரிமை வேண்டும், வைரஸ் சுலபமாக வந்து ஒளிய முடியாது. டவுன்லோட்ஸ், டெம்ப், டெஸ்க்டாப், சி டிரைவ் முழுதும், இஎக்ஸ்இ வகை முழுதும் என்று கொடுப்பது ஆன்டிவைரஸை அணைப்பதற்குச் சமம். கொடுத்ததை ஒரு குறிப்பில் எழுதிவைத்து, வரையறை திருத்தப்பட்டதும் நீக்கிப் பாருங்கள்.

நிறுவனக் கணினியில் "யுவர் அட்மினிஸ்ட்ரேட்டர் ஹாஸ் பிளாக்டு திஸ் ஆக்‌ஷன்" என்று வந்தால் இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது. கோப்பின் ஹேஷ், பாதை, நேரம் மூன்றையும் ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள்.

கையொப்பம் சரி, தளம் சரி, ஆனாலும் எச்சரிக்கை உண்மையாக இருந்தால்

இது நடக்காதது அல்ல. 2017-இல் சிகிளீனர் 5.33 பதிப்பு, நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடும் சொந்தத் தளத்திலிருந்தும், உள்ளே தீநிரலைச் சுமந்து சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போனது. 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருளின் அப்டேட்டைப் பாதுகாப்பு மென்பொருள்கள் தடுத்தபோது, கையொப்பம் செல்லுபடியாக இருந்ததால் தவறான எச்சரிக்கை என்றே பல நிர்வாகிகள் நினைத்தார்கள். சில நாள் கழித்துத்தான் நிறுவனம் மென்பொருளை உருவாக்கும் அமைப்பே ஊடுருவப்பட்டது தெரிந்தது.

அப்டேட் வந்த மறுநாளே எச்சரிக்கை தொடங்கினால், முக்கியமாக 'பிஹேவியர்' வகையாக இருந்தால், விலக்கு கொடுக்கும் முன் ஓரிரு நாள் அந்தப் புரோகிராமை மூடிவைத்து நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். புரோகிராம் ஏற்கெனவே ஓடிவிட்டது, சந்தேகம் வலுவானது என்றால்: நெட்டைத் துண்டியுங்கள், 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள், கணினி மறுதொடக்கமாகிச் சுமார் 15 நிமிடம் எடுக்கும், வேறொரு கணினியிலிருந்தோ ஃபோனிலிருந்தோ மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். சந்தேகக் கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொல் மாற்றினால் புதியதும் போய்விடும்.

தவறான எச்சரிக்கை என்று உறுதியானால் புகார் செய்யுங்கள்

விலக்கு உங்கள் ஒரு கணினிக்கு, புகார் எல்லாருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் மால்வேர் ஆய்வுக்குக் கோப்பு அனுப்பும் பக்கத்தில் 'ஹோம் கஸ்டமர்' தேர்ந்து, கோப்பை ஏற்றி, தவறாகப் பிடிக்கப்பட்டது என்ற வாய்ப்பைக் குறித்து, டிஃபெண்டர் சொன்ன முழுப் பெயரையும் வரையறைப் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். அந்த எண் 'புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்' பக்கத்தில் இருக்கும். மற்ற நிறுவனங்களுக்கும் இதுபோன்ற பக்கம் உண்டு. மின்னஞ்சலில் கேட்பவர்களுக்கு ஜிப்பாக்கி 'இன்ஃபெக்டட்' என்ற கடவுச்சொல் வைத்து அனுப்புவது வழக்கம், இல்லாவிட்டால் வழியிலேயே யாராவது தடுத்துவிடுவார்கள். புரோகிராமை எழுதியவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த ஆன்டிவைரஸ், எந்தப் பெயர், எந்தப் பதிப்பு, ஹேஷ் என்ன. "உங்கள் சாஃப்ட்வேரில் வைரஸ் இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.